மாமனாருக்குப் போட்டுக் காட்டின எண்ணெய்க்குளியல் படம்

எங்க சொந்தக்காரங்க வட்டத்துல படம் சொல்ற வேலை என் தலைல விழுந்து பல வருஷம் ஆச்சு. சனிக்கிழமை சாயங்காலம் போன் அடிச்சாலே தெரிஞ்சுடும், "வீட்ல உக்காந்து பாக்கற மாதிரி ஒரு நல்ல படம் சொல்லுங்க". இந்த நல்ல படத்துக்கு கண்டிஷன் என்னன்னு கேட்டீங்கன்னா, யாரும் சாகக்கூடாது, ரத்தம் ஆகாது, முத்தம் கித்தம் வந்தா ரிமோட்டைத் தேடணும் அதனால அதுவும் கூடாது, ஸ்லோவா போகக்கூடாது, ஏற்கெனவே பாத்ததா இருக்கக்கூடாது, இவ்வளவும் போக கதைன்னு ஒண்ணு இருக்கணும். இத்தனையும் கழிச்சா மிச்சம் நிக்கறது செய்தியும் சமையல் நிகழ்ச்சியும்தான்.

நான் சொல்றது பூரா தியேட்டர்ல வந்ததும் தெரியாம போனதும் தெரியாம போன படங்க. பெரிய ஹீரோ படத்தை அவங்களே மொத நாளே பாத்துடுவாங்க, அதைச் சொல்ல நான் எதுக்கு.

ஆனா சின்னப் படத்தைச் சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு. கடைசி விவசாயி படத்துக்கு தேசிய விருது குடுத்த புதுசுல எங்க பெரியப்பாகிட்ட ரொம்ப ஆர்வமா "பெரியப்பா, 2022 படம், தேசிய விருது வாங்கிருக்கு, இளையராஜாவும் இல்ல, ஹீரோயினும் இல்ல, ஒரு வயசான விவசாயியே ஹீரோ"ன்னு ஆரம்பிச்சேன். அவரு பொறுமையா கேட்டுட்டு "அழுகாச்சியாப்பா?"ன்னாரு. அவ்ளோதான், முடிஞ்சுது. எங்க குடும்பத்துல விருதுன்னு சொன்னா என்ன அர்த்தம்னா ஆளுங்க பேசாம தூரமா நடந்து போயிட்டே இருப்பாங்க, கடைசில மழை பெய்யும். பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்த என் பொண்டாட்டி, "நீங்க படத்தைச் சொல்றீங்களா, பள்ளிக்கூட ஆண்டு விழால சர்டிபிகேட் வாசிக்கறீங்களா? என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க போதும்"னா.

அடுத்த வாரம் அதே பெரியப்பாகிட்ட அதே படத்தை வேற மாதிரி எடுத்து விட்டேன். "மயிலைக் கொன்னுட்டாருன்னு ஒரு எம்பது வயசுத் தாத்தாவப் புடிச்சு உள்ள போட்டுட்டாங்க பெரியப்பா, அவருக்கு அதைப் பத்தி எல்லாம் கவலையே இல்ல, சாமிக்கு நேந்துக்கிட்ட நெல்லு வயல்ல காயுதே யாரு தண்ணி பாய்ச்சறதுன்னு கேட்டுட்டு இருக்காரு, கடைசில ஒரு போலீஸ்காரரைப் போய் தண்ணி பாய்ச்சுய்யான்னு அனுப்ப வேண்டியதாப் போச்சு". பெரியப்பா நிமிர்ந்து உக்காந்துட்டாரு. "எந்த ஊர்லப்பா?"ன்னு கேட்டாரு. படம்னு சொன்னதுக்கு அப்புறமும் பாத்தாரு, முழுசா பாத்தாரு. அந்த நல்லாண்டி தாத்தா படம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டாருன்னு சொன்னப்ப ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசல.

அன்னைலருந்து நான் விமர்சனம் பேசறதே இல்லைங்க, எல்லாத்தையும் ஊர் வம்பாவே மாத்திட்டேன். இதுல பெரிய வெற்றி எங்க அத்தை, அதாவது மாமியார். அருப்புக்கோட்டைல இருந்து போன் பண்ணிருந்தாங்க.

"அத்தை, தேனிப்பக்கம் ஒரு ஊரு, போலீஸே உள்ள போக யோசிப்பாங்க. அங்க ஒரு பாட்டி செத்துப் போச்சு. நடுவீட்ல கெடத்தி ஒப்பாரி நடந்துட்டு இருக்கு, பாத்தா காதுல கெடந்த தண்டட்டியக் காணோம்."

"அய்யய்யோ. பொணத்துக் காதுலருந்தா?"

"ஆமா. ரிட்டயர் ஆகப்போற ஒரு ஏட்டு அங்க மாட்டிக்கிட்டாரு."

"மக இருக்காளுகளா மாப்ள? மகளுகதான் எடுத்திருப்பாளுக. எங்க சின்னம்மா சாவுலயும் இப்டித்தான்..."

சின்னம்மா சாவு கதை ஒரு இருவது நிமிஷம் ஓடுச்சு, அதை யாராச்சும் படமா எடுத்தா நானே சிபாரிசு பண்ணுவேன். கடைசில "சரி, இது எந்த ஊரு, பேப்பர்ல போட்ருக்கானா?"ன்னாங்க. படம் அத்தை, தண்டட்டின்னு பேரு, 2023ல வந்துச்சு, ஏட்டா பசுபதி, பாட்டியா ரோகிணின்னேன். "ஓ, எந்த நம்பர்ல வருது?"ன்னு கேட்டாங்க. ஓடிடிக்கு சேனல் நம்பர் கிடையாதுன்னு புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு இன்னொரு இருவது நிமிஷம். பாத்து முடிச்சுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு கூப்ட்டு மூக்கை உறிஞ்சிகிட்டே "நான் நெனச்ச மாதிரி இல்ல மாப்ள"ன்னு மட்டும் சொல்லி வச்சுட்டாங்க.

இதுல இன்னொரு கூத்து பேரைத் தேடறது. சின்னப் படம் எடுக்கறவங்க பேரு வைக்கறதுல மட்டும் சிக்கனமே பாக்க மாட்டாங்க. மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, ஒரு கிடாயின் கருணை மனுங்கற படத்தைச் சொன்னேன், போன்ல இருந்துகிட்டே ஸ்பெல்லிங். டிவில ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறிய நகத்தி நகத்திப் போகணும். "கே போட்டாச்சு மாப்ள. ஐ எங்கருக்கு... ஐ போட்டாச்சு. டி. ஏ... மாப்ள, சசிகுமார் வந்து நிக்கறாரு". அது கிடாரி மாமா, இன்னும் ஒரு எழுத்துப் போங்கன்னா, அதுக்குள்ள கை பட்டு அதுவே ஓட ஆரம்பிச்சுடுச்சு. சரி மைக்கை அமுக்கி வாயால சொல்லுங்கன்னேன். அவரு தொண்டையைச் செருமிட்டு மேடைல பேசற மாதிரி நிறுத்தி நிதானமா "ஒரு... கிடாயின்... கருணை... மனு" அப்படின்னாரு. வரிசையா கருணாஸ் படமா வந்துச்சு.

ஆனா கடைசில கண்டுபிடிச்சு பாத்தாருங்க. புதுசா கல்யாணம் ஆன ஜோடி, குலதெய்வத்துக்கு கெடா வெட்ட ஊரே ஒரு லாரில ஏறிப் போகுது, வழில ஒரு ஆள் அடிபட்டு செத்துடறான், ஊரே சேந்து இதை எப்படி மறைக்கறதுன்னு ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க, நடுவுல கெடா மட்டும் நிம்மதியா நிக்குது. 2017ல வந்தது. லாரில போறப்ப பேசிக்கற பேச்சு இருக்கே, அதைக் கேட்டு மாமா "இது எங்க பங்காளி பேச்சு, அப்படியே பின்னாடி உக்காந்து எழுதிருக்கான்"னு சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. எடுத்த சுரேஷ் சங்கையா 2024 நவம்பர்ல போய்ட்டாரு, இன்னும் எவ்ளோ எடுத்திருக்க வேண்டிய மனுஷன்.

பேரு சின்னதா இருந்தா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க. எங்க ஹவுஸ் ஓனர் அக்கா மாடிப்படில நிறுத்தி "தம்பி நீங்க நல்ல படமா சொல்வீங்களாமே"ன்னாங்க. நான் டு லெட்டைச் சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்குள்ள வந்ததும் பொண்டாட்டிகிட்ட இருந்து விழுந்துச்சு பாருங்க, "ஓனரம்மாகிட்ட போய் யாராச்சும் ஓனரம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்ற படத்தைச் சொல்லுவாங்களா, நமக்கு இந்த ஊர்ல வேற வீடு கெடைக்கும்னு நெனப்பா?"ன்னு. எனக்கும் லேசா வயித்தைக் கலக்குச்சு. மறுநாள் அக்கா ரொம்ப சந்தோஷமா வந்தாங்க. "நல்ல கருத்துள்ள படம் தம்பி, ஆனா வாடகை வீட்டுக் கதைன்னீங்களே, இதுல கக்கூஸ் கட்டச் சொல்லித்தான சண்டை போடறாங்க". டிவி மைக்குல டு லெட்னு சொல்லிருக்காங்க, அது டாய்லெட் ஏக் பிரேம் கதாவ எடுத்து வச்சுருச்சு, அக்கா அக்ஷய் குமாரை முழு ஹிந்தில பாத்துட்டு வந்துருக்காங்க.

அதோட விட்டிருக்கலாம். அவங்க பொண்ணு வந்து சரியா போட்டுக் குடுத்துருச்சு. செழியன் எடுத்தது, ஐ.டி. கம்பெனி காசு வந்து சென்னைல வாடகை ஏறுன 2007ல நடக்கற கதை. சினிமால வாய்ப்புக்கு அலையற ஒருத்தன், பொண்டாட்டி, சின்னப் பையன், ஒரு மாசத்துல காலி பண்ணணும். பின்னணி இசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, குக்கர் விசிலும் தெரு சத்தமும்தான். வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்க பாத்தா பேய்ப் படம் மாதிரி இருக்கும். அக்கா பாத்துட்டு எங்க வாசல்ல வந்து நின்னு ரொம்ப யோசனையா, "பாவம்தான் தம்பி அந்தப் பையன்... ஐ.டி. ஆளுங்கன்னா கூட வாடகை குடுப்பாங்களோ?"ன்னு கேட்டாங்க. என் பொண்டாட்டி உள்ள இருந்து என்னைப் பாத்த பார்வை அந்தப் படத்துல எந்த சீன்லயும் கிடையாது.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தப்ப ராத்திரி எல்லாரும் ஹால்ல இருந்தாங்க, நான் கே.டி. என்கிற கருப்புதுரை போட்டேன். மதுமிதா எடுத்தது, 2019. கோமால கெடந்த பெரியவரு முழிச்சுப் பாத்தா புள்ளைங்க தலைக்கூத்தலுக்கு நாள் குறிச்சிட்டு இருக்காங்க. சத்தமில்லாம எந்திரிச்சு ஓடிப் போயி, கோயில்ல வளர்ற ஒரு வாண்டுப் பையன்கிட்ட மாட்டிக்கறாரு, அவன் தாத்தாவோட ஆசை எல்லாத்தையும் லிஸ்ட் போட்டு ஒண்ணொண்ணா நடத்தி வைக்கறான். தாத்தா மு. ராமசாமி, மதுரை நாடகக்காரரு. பையன் நாகவிஷாலுக்கு தேசிய விருதே குடுத்தாங்க, நான் அதை ஹால்ல வாயே திறக்கல. மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு, கடைசில துண்டால கண்ணைத் தொடைச்சாரு, எனக்கு பரம திருப்தி.

தலைக்கூத்தல் என்னன்னு தெரியாதவங்களுக்கு: படுக்கைல கெடக்கற வயசானவங்களுக்கு தலை நிறைய எண்ணெய் வச்சு குளிப்பாட்டி இளநீரைக் குடுத்து ஆளை முடிச்சு விடறது, தென்மாவட்டத்துல நடந்த விஷயம், விருதுநகர் பக்கம்தான் அதிகமா பேசப்பட்டது. இதையே சிரிப்பில்லாம பாக்கணும்னா பாரம்னு இன்னொரு படம் இருக்கு, அதை பண்டிகை நாள்ல போட்றாதீங்க.

மறுநாள் காலைல சனிக்கிழமை. அத்தை வழக்கம்போல நல்லெண்ணெய காய்ச்சி, ரெண்டு மிளகு போட்டு, கிண்ணத்துல எடுத்துட்டு வந்து "வாங்க, தலைக்குத் தேச்சு விடறேன்"னாங்க. மாமா ஈஸி சேர்ல பேப்பரோட இருந்தவரு கிண்ணத்தைப் பாத்தாரு, அத்தையைப் பாத்தாரு, "இன்னைக்கு வேணாம், லேசா சளி"ன்னாரு. "எங்க சளி, நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தீங்க"ன்னு அத்தை ஒரு கை எண்ணெயோட கிட்ட போறாங்க, அவரு சேரோட பின்னாடி நகர்றாரு. சரியா அந்த நேரத்துல என் மச்சான் பைக்ல வந்து எறங்கறான், ரெண்டு கைலயும் நாலு இளநி. "அப்பா, ரோட்டோரமா போட்ருந்தான், வெயிலுக்கு நல்லதுன்னு வாங்கிட்டு வந்தேன்."

மாமா பேப்பரை மடிச்சு வச்சாரு. மெதுவா என் பக்கம் திரும்பி, "மாப்ள, வாங்கிட்டு வரச் சொன்னது நீங்களா?"

சத்தியமா நான் இல்லைங்கன்னு சொல்லணும், எனக்கு சிரிப்பை அடக்கவே முடியல, அது அவருக்கு இன்னும் சந்தேகமாப் போச்சு. அப்புறம் சொத்துப் பத்திரம் எல்லாம் எங்கருக்குன்னு சும்மா விசாரிக்கற மாதிரி அத்தைகிட்ட கேட்டது வேற கதை. கடைசில ஒரு சமாதானத்துக்கு வந்தாரு. எண்ணெய் தேச்சுக்கறேன், ஆனா படத்துல வர்ற மாதிரி மத்தியானம் பிரியாணி வந்தாகணும். சுகர் இருக்கற மனுஷன், வருஷக்கணக்கா கோதுமை உப்புமா சாப்ட்டவரு, "உசுரோட இருக்கும்போதே சாப்ட்டுக்கறேன்"னு எல்லாரு முன்னாடியும் சொன்னா யாரு என்ன பேச முடியும். என் பொண்டாட்டி அன்னைக்கு என்கூட பேசல. நான் ரெண்டாவது தடவை பிரியாணி போட்டு சாப்ட்டதும் ஒரு காரணமா இருக்கலாம்.

மச்சான் வேற ரகம். ஹீரோ யாருன்னுதான் மொதல்ல கேப்பான். விதார்த்னு சொன்னா "வேணாம் மாமா"ம்பான். உண்மைல யாரும் கண்டுக்காத நல்ல படம் வேணும்னா விதார்த் பேரைத் தட்டிப் பாத்தாலே போதும்ங்கறது என் கட்சி. கிடாயின் கருணை மனு அவருதான். குற்றமே தண்டனை, 2016, பார்வை குழாய் மாதிரி சுருங்கிட்டு வர்ற ஒருத்தன் எதிர் வீட்டுல நடந்த கொலைக்கு சாட்சியாகி அதை வச்சு ஆபரேஷனுக்கு காசு தேத்தப் பாக்கறான். அதை எடுத்த மணிகண்டன் அது வந்த அதே செப்டம்பர்லயே ஆண்டவன் கட்டளையும் விட்டாரு, ஒரே மாசத்துல ரெண்டு படம், ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. மச்சானுக்கு நான் போட்ட தூண்டில் குரங்கு பொம்மை. விதார்த்னு சொல்லவே இல்ல, "மகாராஜா எடுத்தாரே நித்திலன், அவரோட மொத படம்"னு மட்டும் சொன்னேன். அதுல பாரதிராஜாவும் குமரவேலும் பேசிக்கற ஒரு இடம் இருக்கு, மச்சான் அதைப் பாத்துட்டு ராத்திரி ஒரு மணிக்கு "ஏன் மாமா முன்னாடியே சொல்லல"ன்னு மெசேஜ் போட்றான். நாலு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்டா.

ஒண்ணு மட்டும் கவனம், எதுல இருக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க. இந்த மாதிரி படங்க இன்னைக்கு ஒரு ஆப்ல இருக்கும், அடுத்த மாசம் வேற ஆப்புக்கு குடி போயிருக்கும், இல்லைன்னா எங்கயுமே இருக்காது. பேரைத் தட்டிப் பாருங்க, கருணாஸ் வந்தா திரும்பத் தட்டுங்க.

நேத்து அத்தை மறுபடி கூப்ட்டாங்க. கூழாங்கல் படத்தைச் சொல்லலாம்னு முடிவு பண்ணேன். ரோட்டர்டாம் பட விழா, அங்க குடுத்த டைகர் விருது, ஆஸ்கருக்கு இந்தியால இருந்து போன படம், எடுத்தது வினோத்ராஜ், எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

"அத்தை, மேலூர்ப் பக்கம் ஒரு குடிகாரன். பொண்டாட்டி கோவிச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஸ்கூல்ல இருந்த புள்ளையப் பாதில இழுத்துட்டு அவளைக் கூட்டியாரப் போறான். உச்சி வெயிலு. போற எடத்துலயும் சண்டை, புள்ள பஸ் டிக்கெட் காசைக் கிழிச்சு போட்ருச்சு, அப்பனும் மகனும் அந்த வெயில்ல நடக்கறாங்க."

"அவ வந்தாளா மாப்ள?"

"ஒண்ணே கால் மணி நேரம்தான் அத்தை, பாருங்களேன்."

"வந்தாளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"பாருங்க அத்தை."

"அவ வரக்கூடாது, நான் சொல்றேன்"ன்னுட்டு போனை வச்சுட்டாங்க.