அம்மாவின் அக்கி

2024 பிப்ரவரி 2, வெள்ளி

நேற்று முதல் அம்மாவுக்கு இடது விலாவில் எரிச்சல். எழுபது வயதுக்கு மேல் இடது பக்கம் வலி என்றால் யாருக்கும் நெஞ்சுதான் ஞாபகம் வரும். தெருமுனை கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், நார்மல். வாயுவாக இருக்கும் என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரி அம்மா சொன்னது எனக்கு உறுத்துகிறது. "உள்ள வலிக்கலடி. மேல புடவை பட்டாலே எரியுது." வாயு தோலில் போயா எரியும்?

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு வந்தவர் ரவிக்கை போட முடியாமல் கூப்பிட்டார். முதுகுத்தண்டு பக்கத்தில் தொடங்கி, இடது அக்குளுக்குக் கீழே சுற்றி, மார்புக்கு அடி வரை ஒரு பட்டையாகச் சிவந்திருக்கிறது. அதன் மேல் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அக்கி."

வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. நடு முதுகில் தொடங்குவது நடு மார்பைத் தாண்டவில்லை. பிளஸ் டூவுக்கு விலங்கியல் பாடம் நடத்துகிறவளுக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம். முதுகுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் நரம்புகள் ஜோடி ஜோடியாகக் கிளம்புகின்றன, ஒவ்வொன்றும் தோலில் ஒரு பட்டையைப் பார்த்துக்கொள்கிறது. அம்மாவின் இடது பக்க நரம்பு ஒன்றின் எல்லை அப்படியே கோடு போட்ட மாதிரி தெரிகிறது. கொப்புளம் வருவதற்கு முன்பே எரிந்ததும் அதனால்தான். முதலில் கிளர்ந்தது நரம்பு, தோலுக்குப் பிறகுதான் வந்தது.

தோல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார், நல்லவேளை. வாலாசைக்ளோவிர் ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, ஏழு நாள். கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்றார். மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், மிச்ச வேலையை உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு அக்கி எழுதிக்கொள்ள ஆசை. அவர் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதிவிடுவார்கள். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும் என்று நான் தடுத்துவிட்டேன். எழுதியவர்களுக்கெல்லாம் சரியாகத்தான் போனது என்கிறார், அதில் பொய் இல்லை. அக்கி பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானே ஆறிவிடும். பேர் மட்டும் காவிக்குப் போயிற்று.

பிப்ரவரி 5, திங்கள்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். அக்கி எப்போதோ வந்துபோன சின்னம்மையின் மிச்சம் என்பதால் அம்மாவிடம் பழைய கதையைக் கேட்டேன். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மை போட்டதாம். வேப்பிலைப் படுக்கை, மூன்று தண்ணீர், தெருவில் யாரும் வீட்டுக்குள் வரவில்லை. பெரியம்மையோ என்று தாத்தா பயந்து, பிறகு சின்னம்மைதான் என்று தெரிந்ததாம்.

அன்று அந்தச் சிறுமியின் உடம்பு செய்த வேலையை யோசித்துப் பார்க்கிறேன். வைரஸ் புகுந்த செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்படுத்தியிருக்கும் (1957இல் ஐசக்ஸும் லிண்டன்மேனும் கண்டுபிடித்த பொருள்). முதல் சில நாட்களை அதுவும், வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்களும் சமாளித்திருக்கும். இந்தக் குறிப்பிட்ட வைரஸை அடையாளம் தெரிந்த டி செல்கள் அதற்குள் பெருகியாக வேண்டும், பி செல்கள் வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் தயாரித்தாக வேண்டும் (இரண்டும் வெள்ளையணு வகைகள்). முதல் தடவை என்றால் இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில்தான் உடம்பெல்லாம் கொப்புளம்.

கடைசியில் உடம்பு ஜெயித்தது. ஆனால் கொஞ்சம் வைரஸ் மட்டும் முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே அது புரதம் எதையும் பெரிதாகத் தயாரிப்பதில்லை, அதனால் காவலுக்குக் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. நரம்பு செல்லைக் கொன்றால் புதிதாக முளைக்காது என்பதால் உடம்பும் அங்கே முரட்டுத்தனம் காட்டுவதில்லை. அறுபது வருஷத்துக்கும் மேலாக அம்மா கல்யாணம் செய்து, எங்களைப் பெற்று, பேரன் பேத்தி பார்த்த காலம் முழுக்க அது உள்ளேயே இருந்திருக்கிறது.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ்தான், வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை, உள்ளே கிடந்ததுதான் எழுந்து வருகிறது என்று 1965இல் வாதாடியவர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத ஆள், இங்கிலாந்தில் சிரன்சஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப டாக்டர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை ஒவ்வொருவராகப் பல வருஷம் குறித்துவைத்தே இதைச் சொன்னார். உள்ளே கிடப்பதை உடம்பின் எதிர்ப்பு அடக்கி வைத்திருக்கிறது, அது ஒரு மட்டத்துக்குக் கீழே போகும்போது அக்கி என்பது அவர் கருத்து. எனக்கு இந்த மாதிரி நோட்டுப்புத்தக விஞ்ஞானிகள்மேல் தனி மரியாதை உண்டு.

பிப்ரவரி 8, வியாழன்

விசாரிக்க வருகிறவர்கள், போனில் கூப்பிடுகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே பல்லவி: "அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடுச்சு." அத்தை ஒரு டப்பா இம்யூனிட்டி பவுடரோடு வந்தார். நாத்தனார் நிலவேம்பு சொன்னார்.

குறைந்தது எது என்று யாராவது கேட்க வேண்டாமா? இந்த மார்கழியில் எங்கள் வீட்டில் எல்லாரும் இருமினோம், அம்மாவுக்குத் தும்மல்கூட இல்லை. போன மாதம் அரிவாள்மனை பட்ட விரல் நாலே நாளில் ஆறியது. எதிர்ப்புச் சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி இல்லை, மட்டம் இறங்கினால் மேலே ஊற்றி நிரப்ப. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி நினைவு, தனித்தனி செல்கள். சின்னம்மை வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் வயதானவர்களின் ரத்தத்திலும் போதுமான அளவு இருக்கிறது. இருந்தும் அக்கி வருகிறது. காரணம், எதிர்ப்பொருள் ரத்தத்திலும் திசுநீரிலும் மிதக்கிற வைரஸைப் பிடிக்கும், செல்லுக்குள் பெருகுவதை அதனால் எட்ட முடியாது. அதற்கு டி செல் வேண்டும். செல் தன் உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளிச்சுவரில் தூக்கிக் காட்டும், டி செல் அதைப் பார்த்துத்தான் உள்ளே வைரஸ் இருப்பதைக் கண்டுபிடிக்கும். கான்பெராவில் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் 1970களில் எலிகளை வைத்து அவிழ்த்த முடிச்சு இது. 1996இல் நோபல் கிடைத்தது.

வயதாக ஆக இந்த வைரஸை அறிந்த டி செல்கள் குறைந்து மந்தமாகின்றன. டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அது பருவ வயதிலிருந்தே சுருங்கிக் கொழுப்பாகிக்கொண்டு வரும். 1961இல் ஜாக் மில்லர் அதன் உபயோகத்தைக் காட்டும் வரை அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தார்கள்.

ஆக அம்மாவிடம் குறைந்தது ஒரு வைரஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு படை. அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பவுடர் அலமாரியில் இருக்கிறது. அம்மா பாலில் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏலக்காய் வாசனை நல்லாருக்கு" என்றார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தான், குழந்தைக்கு ஏழு மாதம். வர வேண்டாம் என்றேன். தம்பி மனைவிக்குக் கோபம். "எனக்குச் சின்ன வயசுலேயே அம்மை வந்தாச்சு அண்ணி, குழந்தைக்கு என் சக்தி இருக்குமே?"

பாதி சரி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஆனால் அது குழந்தை தானே தயாரித்ததில்லை, மாதக் கணக்கில் கரைந்துகொண்டே வரும். ஏழு மாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று நம்ப முடியாது. சின்னம்மைத் தடுப்பூசியோ அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் போட்டாலும் ஒரு வயதுக்கு மேல்தான். அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால் குழந்தைக்கு வருவது அக்கி இல்லை, சின்னம்மை. பொருக்கு தட்டியதும் அந்த ஆபத்து போய்விடும். இரண்டு வாரம் பொறுங்கள் என்றேன். அம்மாவும், "நான் எங்க ஓடிப்போறேன், அப்புறம் வரட்டும்" என்று முடித்துவைத்தார்.

பிப்ரவரி 17, சனி

பொருக்கு காய்ந்து உதிர்கிறது. தோல் ஆறிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. மின்விசிறிக் காற்று பட்டால் துடிக்கிறார். மெல்லிய பழைய வாயில் புடவையைத்தான் தாங்க முடிகிறது.

மார்ச் 10, ஞாயிறு

டாக்டர் நரம்பு வலிக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். வைரஸ் அடங்கிவிட்டது, ஆனால் அது பெருகியதிலும் அதை அடக்கப் போன அழற்சியிலும் நரம்பு அடி வாங்கியிருக்கிறது. கிருமி போனபின் மிஞ்சும் சேதத்தில் உடம்பின் சொந்தப் பங்கும் உண்டு என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடும். தூக்கம் கெட்டால்தான் அம்மா அழுகிறார், மற்றபடி திட்டுவதோடு சரி. இந்த வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதற்குத் தனிப் பெயர், தனி வைத்தியம்.

குழந்தை வந்தது. அம்மா வலது மடியில் மட்டும் வைத்துக்கொண்டார்.

மே 19, ஞாயிறு

வலி பெருமளவு தணிந்துவிட்டது. போன வாரத்திலிருந்து மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறோம். இப்போது பேச்சு தடுப்பூசி பற்றி. அக்கி ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று கிடையாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தவணையாகப் போடும் ஊசி இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்று மட்டும். வெறும் புரதத்தைக் கண்டு கிழப் படை எழுந்திருக்காது என்பதால் உசுப்பிவிட இரண்டு பொருள் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று சிலி நாட்டு சோப்பு மரப் பட்டையின் சாரம். மற்றது சால்மோனெல்லா பாக்டீரியாவின் சுவரிலிருந்து எடுத்து விஷம் தணித்த கொழுப்பு. பாக்டீரியா உள்ளே வந்துவிட்டது என்று உடம்பை நம்பவைத்து, அந்தப் பரபரப்பில் டி செல்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஊசி போட்ட கை வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம், அந்தப் பரபரப்பால்தான். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் சோதனையில் 90 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு தெரிந்தது. பவுடர் டப்பாவின் மேல் இப்படி ஒரு எண் எங்கே?

விலையைக் கேட்டதும் அம்மா, "எனக்கு வந்து போயாச்சு, இவ்வளவு கொட்டிக் கொடுக்கணுமா? உனக்குப் போடு" என்கிறார். எனக்கு நாற்பத்தெட்டு. நாலு வயதில் எனக்கும் அம்மை போட்டிருக்கிறது, நெற்றியில் தழும்பு இருக்கிறது. தம்பி பாதிப் பணம் தருகிறேன் என்கிறான். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு முதல் தவணை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.