கடலூர் உப்புக்காற்றில் ஒரு பட்டறை

கடலூரில் கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்றப் போகிறீர்கள் என்றால் டிரில்லுக்கு முன்னால் துருவைப் பற்றி யோசியுங்கள். கடலோரம் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் வைஸ், உளி எல்லாம் ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை, அப்புறம் மூடிய பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுவர் முழுக்கக் கருவிகளை மாட்டி வைக்கும் அழகெல்லாம் நமக்கு வேண்டாம்.

தரை தெருவை விட உயரமாக இருக்கட்டும். கூரைத் தகட்டைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கொக்கி மாதிரியான ஜே போல்ட்டைத் தாராளமாகப் போடுங்கள், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இங்கே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வெல்டிங் மிஷினுக்குத் தனி லைன், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகவே சொருகாதீர்கள். மேசை உயரமா? நின்றால் மணிக்கட்டு வரைக்கும், எனக்கு அதுதான் சரி.