சொந்த நம்பருக்கு வந்த அழைப்பு

அந்தத் தம்பி ஆபீஸ் நம்பரை விட்டுவிட்டு என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. விமான ஊழியர்களான க்ரூவின் வேலையைக் கவனிக்கும் க்ரூ கண்ட்ரோலுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். "அதுல பேசினா ரெக்கார்டு ஆயிரும்லா அண்ணாச்சி, அதான்" என்றான். பாளையங்கோட்டை வீட்டு மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் ரோஸ்டர், அதாவது யார் எந்த விமானத்தில் என்கிற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த கொரோனா காலம் அது. அவன் கல்லிடைக்குறிச்சிக்காரன், கேபின் க்ரூ. கடல் தாண்டி ஒரு நகரத்தில், ஜன்னல் திறக்காத ஹோட்டல் அறையில் இருந்தான். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்து மணி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். விமான நிலையத்துக்குக் கூட்டிப் போகும் வண்டி வர ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

காலையிலிருந்து தொண்டை கரகரப்பு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஏசியால்கூட இருக்கலாம். ஃபார்மில் எழுதவா, வேண்டாமா? இவ்வளவுதான் கேள்வி.

அந்த ஃபார்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 ஜூனில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, கொரோனா காலத்தில் விமானங்களை எப்படி இயக்குவது என்று ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. அதில் க்ரூவுக்கென்று தனியாக ஓர் உடல்நிலை அட்டை. எல்லா நாடுகளும் ஒரே அட்டையை ஏற்றுக்கொண்டால், பயணிகளை அடைத்து வைப்பதுபோல க்ரூவை அடைத்து வைக்க வேண்டியிருக்காது என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அது வெறும் பரிந்துரை. ஒவ்வொரு நாடும் தன் சுகாதாரத் துறை சொன்னபடிதான் நடந்தது. எங்கள் கம்பெனி ஃபார்மில் 'வேறு ஏதேனும் தொந்தரவு' என்று ஒரு வரியும் இருந்தது. தம்பி நின்றது அந்த வரியில்.

நான் எதையும் மறைக்கவில்லை. எழுதினால் அங்கேயே டெஸ்ட் எடுப்பார்கள், பாசிட்டிவ் என்றால் அரசு முகாம். நெகட்டிவ் வந்தாலும் இந்த ஃபிளைட் போய்விடும், நம் கம்பெனி விமானம் அடுத்து வரும்வரை அதே அறைதான். பறந்த மணிக்குத்தான் படி என்பதால் அந்த மாதம் அடிப்படைச் சம்பளம் மட்டும் வரும், அதுவும் அப்போது வெட்டப்பட்டிருந்தது. எழுதாமல் ஏறினால், வேலை போய் ஊர் திரும்பும் ஜனங்களோடு மூடிய கேபினில் பல மணி நேரம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"சரி அண்ணாச்சி, இப்ப என்ன செய்யட்டும்?"

"எழுதிரு தம்பி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "இது ஆபீஸ் சொல்லுதா, நீங்க சொல்லுதீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

இந்த 'ரெண்டும்தான்' எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது உண்மைதானா? ஆபீஸ் சொல்லும் என்பதில் சந்தேகமில்லை. அந்த மே 30ஆம் தேதிதான், மாஸ்கோவில் தவித்தவர்களை அழைத்துவர டெல்லியிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம் உஸ்பெகிஸ்தான் வரை போய்த் திரும்பியிருந்தது. பைலட் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று அறிக்கையில் இருந்ததைக் கீழே இருந்தவர்கள் தாமதமாகத்தான் கவனித்தார்கள். அதன் பிறகு எந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருந்தாலும் வேறு பதில் சொல்ல முடியாது. அன்று கூடுதலாக ஒரு ஆளும் அங்கே இருந்ததால் அவன் ஏறாவிட்டாலும் விமானம் கிளம்பும். கணக்குப்படி எழுதச் சொல்வதுதான் சரி.

ஆனால் அவன் கணக்குக் கேட்கவா கூப்பிட்டான்? அதற்கு ஆபீஸ் நம்பர் இருக்கிறது. அண்ணாச்சி என்று கூப்பிட்டு, ஊர்ப் பேச்சில், பதிவாகாத நம்பரில் கேட்டவனுக்கு ஆபீஸின் பதிலையே என் குரலில் கொடுத்தேன். அவன் எழுதினான்.

டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் உணர்வு நிம்மதி. நான் சொன்னது சரியாகிவிட்டதே என்கிற நிம்மதி. அவனைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது. முகாமில் அடுத்தடுத்து எடுத்த டெஸ்டெல்லாம் நெகட்டிவ். முதல் டெஸ்டே தவறா, கடைசி நாட்களில் இருந்த தொற்றா, யாரும் சொல்லவில்லை. நெகட்டிவ் வந்தாலும் விடமாட்டோம், குறித்த நாட்களை முடிக்க வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அவன் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "அவனுக்கு ஒண்ணுமில்லன்னுதானே தம்பி சொல்லுதாவ, பெறவு ஏன் பிடிச்சு வச்சிருக்காவ? சோறு கிடைக்குதா?" நான் தூதரகத்துக்கு மெயில் அனுப்பினேன், அங்குள்ள எங்கள் ஏஜென்டிடம் தினமும் பேசினேன், ஒருவழியாகச் சோறும் தயிரும் உள்ளே போக ஏற்பாடு செய்தேன். செய்ய முடிந்ததைச் செய்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இது அவன் ஒருவனுக்கு மட்டும் நடந்ததில்லை. அடுத்த வருடம் ஹாங்காங்கில் கத்தே பசிஃபிக் விமான நிறுவனத்தின் க்ரூவில் ஒரு பகுதியினர் விமானம், ஹோட்டல் அறை, மறுபடி விமானம் என்று வாரக்கணக்கில் ஓட்டிவிட்டு, அதன் பிறகு தனிமையிலும் இருந்தார்கள். 2021 நவம்பரில் சரக்கு நிறுவனமான ஃபெடெக்ஸ் அங்கிருந்த தன் பைலட் தளத்தையே மூடுவதாக அறிவித்தது. அதே மாதம் ஃபிராங்க்ஃபர்ட் போய்வந்த கத்தே பசிஃபிக் சரக்கு விமான பைலட்டுகள் மூவருக்குத் தொற்று வர, தங்கிய இடத்தில் விதியை மீறினார்கள் என்று கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. அவர்களில் ஒருவரின் பிள்ளை படித்த பள்ளியின் குழந்தைகளைக்கூட முகாமுக்கு அனுப்பினார்கள். இப்படி நடக்கும் இடத்தில், லேசான தொண்டைக் கரகரப்பைத் தானாக முன்வந்து எழுது என்று ஒருவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதேசமயம், அவன் எழுதாமல் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குத் தொற்றியிருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் நான் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. அவன் அம்மாவின் குரல் நினைவுக்கு வந்தால் அப்படித் தோன்றுவதில்லை.

அவன் ஊருக்கு வந்தபோது பார்த்தேன். கோபமில்லை. அம்பாசமுத்திரத்தில் டீ குடித்துக்கொண்டே, "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. ஆனா இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றான். சொன்னபடியே அப்புறம் கூப்பிடவில்லை.

வெளிநாட்டில் உடல்நிலையை உள்ளபடி எழுதித் தடுத்து வைக்கப்படும் க்ரூவுக்கு, பறந்திருந்தால் கிடைத்திருக்கும் படியைக் கொடுக்க வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறவன் நஷ்டப்படாமல் இருந்தால்தானே அந்த அட்டையில் உண்மை இருக்கும்? பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

அப்புறம் இரண்டாவது அலை. எங்களுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யாவிட்டால் வேலையை நிறுத்துவோம் என்று 2021 மே மாதத் தொடக்கத்தில் ஏர் இந்தியா பைலட்டுகள் சங்கம் எழுதிய சமயம். வேறொரு நகரத்திலிருந்து ஒரு பெண் என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். அவளும் நம் பக்கம்தான். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும், லேசா உடம்பு..." என்று ஆரம்பித்தாள். "ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடும்மா" என்று நிறுத்தினேன். பதிவானால் கம்பெனி பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும், அது அவளுக்கு நல்லது என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். "சரிங்க அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள்.

ஆபீஸ் நம்பருக்கு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, க்ரூ பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அவள் நிரப்பிய ஃபார்மைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. நான் பார்க்கவில்லை.