தூரம் கிடைத்தது, கிட்டம் போய்விட்டது

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து ஏழு வாரம் ஆகிறது. போன வாரம் செக்கப்பில், சார்ட்டின் கடைசி வரி வரைக்கும் கண்ணாடி இல்லாமல் படித்தேன். "6/6 சார், ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி கட்டிலில் சாய்ந்து, வழக்கம்போலப் புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சாம்பல் நிறப் பட்டைகள்தான் தெரிந்தன. இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டதால் அதுவும் உதவவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

எனக்குப் பதினோரு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. முப்பதைத் தொடும்போது மைனஸ் 7-இல் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது, ஆனால் மூக்கிலிருந்து 14 சென்டிமீட்டரில் உள்ள எதுவும் துல்லியமாகத் தெரியும் (100-ஐ 7-ஆல் வகுத்தால் வருகிற கணக்குதான் இது). 31 வருடம் அச்சகத்தில் புரூஃப் திருத்தினேன். மெய்யெழுத்தில் விழாமல் போன புள்ளி, துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ஏறிவிட்ட 'ர', அடிக்குறிப்பில் 6 பாயிண்ட் எழுத்தில் ஒளிந்திருக்கும் சந்திப்பிழை, இதையெல்லாம் மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்போது நான் கண்ணாடியைக் கழற்றித் தாளை முகத்தருகே பிடித்துக்கொள்வேன். நாற்பது வயதுக்கு மேல் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் படிக்கும் கண்ணாடி வாங்கினார்கள், எனக்கு அந்தத் தேவையே வரவில்லை. அந்தப் பார்வையை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. அதுதான் எனக்குச் சோறு போட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் நிறையக் கேட்டார்கள். ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் மோனோஃபோகலா, பல தூரத்துக்கான மல்ட்டிஃபோகலா, இந்திய லென்ஸா வெளிநாட்டு லென்ஸா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா. மல்ட்டிஃபோகலில் வெளிச்சம் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரிந்துபோகும், ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம் என்றார்கள், அதனால் வேண்டாம் என்றேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தத் தூரம் எனக்குத் தெளிவாக வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தூரத்தில் இருப்பதுதானே தெளிவாகத் தெரியவேண்டும் என்று, தூரத்துக்குக் கண்ணாடியே வேண்டாத மாதிரி அவர்களாகவே பவரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டார்கள். மைனஸ் 2.5-இல் நிறுத்தியிருந்தால் 40 சென்டிமீட்டரில் கண்ணாடி இல்லாமல் படித்திருக்கலாம், தூரத்துக்கு மட்டும், ஐம்பது வருடமாகப் போடுகிற மாதிரியே, ஒரு கண்ணாடி போட்டிருப்பேன். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

1949-இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் முதன்முதலாக ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோது, லென்ஸ் உள்ளே நன்றாகத்தான் உட்கார்ந்தது. பவர்தான் தவறிப்போய் அந்தப் பெண்மணிக்கு மைனஸ் 18 அளவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிட்டது. இன்றைக்கு ஒளியைப் பாய்ச்சிக் கண்ணின் நீளத்தை அளந்து, பெரும்பாலும் நினைத்த எண்ணுக்கு அரை பவர் முன்னே பின்னே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இவ்வளவு துல்லியம் கைக்கு வந்த பிறகு, எந்த எண் வேண்டும் என்று நோயாளியிடம் கேட்க இரண்டு நிமிடம் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

"ரீடிங் கிளாஸ் போட்டா படிக்கலாமே" என்கிறார்கள். போட்டிருக்கிறேன், பிளஸ் 2.5. எழுத்து தெரிகிறது, ஆனால் 40 சென்டிமீட்டருக்கு அப்பால். 14-இல் வைத்துப் பார்த்த எழுத்து 40-க்குப் போனால் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. முள் எடுக்க, நகம் வெட்ட, மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, எல்லாவற்றுக்கும் கண்ணாடியைத் தேடி வீடு முழுக்க அலைகிறேன்.

என் அம்மாவுக்கு 1984-இல் புரை எடுத்தார்கள். லென்ஸ் வைக்கவில்லை, பிளஸ் 10-இல் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். எல்லாம் பெரிதாகத் தெரிந்ததால் டம்ளரை எடுக்கப்போய்க் கை தட்டி, காபியைக் கொட்டிக் கொட்டித்தான் பழகினார். "அத்தை பட்டதுக்கு நீங்க எவ்வளவோ பரவாயில்லைங்க" என்கிறாள் மனைவி. உண்மைதான். வெள்ளை வேட்டி இப்போது வெள்ளையாக இருக்கிறது, இடது கண்ணால் பார்த்தால் அதே வேட்டி டிகாக்‌ஷனில் நனைத்தது போலிருக்கிறது. மொட்டைமாடியில் நின்று எதிர்த்தெரு வேப்பமரத்தில் இலை இலையாகப் பார்த்து மலைத்துப்போனேன். அந்தச் சந்தோஷம் நிஜம், இந்த நஷ்டமும் நிஜம்.

இடது கண் இன்னும் பாக்கி. அதற்கு மைனஸ் 7 கண்ணாடி போட்டால் அந்தக் கண்ணில் உலகம் சின்னதாகவும், வலது கண்ணில் பெரிதாகவும் தெரிந்து, மாடிப்படி இரண்டிரண்டாக வந்து தலை சுற்றுகிறது. அதனால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. இந்த முறை வேறொரு டாக்டரிடம் போனேன். வலது கண் லென்ஸை மாற்ற முடியுமா என்றுதான் முதலில் கேட்டேன். வாரங்கள் போகப்போக லென்ஸ் கண்ணுக்குள் அதைத் தாங்கியிருக்கும் பையோடு ஒட்டிக்கொள்ளும், பெரிய மைனஸ் பவர் உள்ள கண்ணில் விழித்திரைக்கும் ஆபத்து உண்டு, தொடவேண்டாம் என்றார். இடது கண்ணை மைனஸ் 2.5-இல் வைக்கலாம், இரண்டு கண்ணுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கும், சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது, பழகாவிட்டால் கண்ணாடி போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார்.

மைனஸ் பவர் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், லென்ஸுக்கு அளவெடுக்கும் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் கண்ணாடியைக் கழற்றிப் படிக்கிற ஆள், எனக்கு அது வேண்டும் என்று. அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த டாக்டர் என் பையிலிருந்த புத்தகத்தை வாங்கி என் கையில் கொடுத்து, "நீங்க வசதியா உட்கார்ந்து எப்படிப் பிடிப்பீங்களோ அப்படிப் பிடிங்க" என்றார். மேஜை டிராயரிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்து, என் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே வைத்து அளந்து சீட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் ஆபரேஷன்.