வெள்ளவத்தை, கொழும்பு, கொரோனா ஊரடங்கு, 2021

ஆகஸ்ட் 21
நேற்று இரவு பத்து மணியிலிருந்து தனிமைப்படுத்தல் ஊரடங்கு. கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற அத்தானுக்கு ஒட்சிசன் கூட்டியிருக்கிறார்களாம். அக்கா கொட்டாஞ்சேனையில் தனிய.

ஆகஸ்ட் 23
விடிய நாலரைக்குக் கோல். எடுக்க முதலே தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 24
வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அக்கா முன் அறையைக் கழுவி, கதிரைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்தாவாம். அத்தானின் தம்பி மட்டும் போனார், தூரத்தில் நின்று முகம் பார்த்தார், அவ்வளவுதான். சுண்ணம் இடிக்கவில்லை, வாய்க்கரிசி இல்லை. கொடுத்துவிட்ட வேட்டியை உடுத்திவிட்டார்களா, சும்மா மேலே போட்டு மூடினார்களா என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறா. யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 26
எங்கே தொற்றினது, ஊசி ரெண்டும் போட்டவரோ, சீனி வருத்தம் இருந்ததோ? ஆறுதல் சொல்ல எடுக்கிற ஒவ்வொருவருக்கும் அக்கா முதலிலிருந்து கதை சொல்கிறா. எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. ஆனால் யோசித்தால், செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து, பேப்பர் பார்த்து, அரசியல் கதைத்துவிட்டுப் போவார்கள், சும்மா இருக்கத்தான் வருவது. ஃபோனில் சும்மா இருக்கத் தெரியாமல்தான் கேள்வி கேட்கிறார்களோ என்னவோ.

ஆகஸ்ட் 27
செப்டம்பர் 6 வரை நீடிப்பு. சாவு நாளுக்கு 200ஐத் தாண்டிவிட்டது. செய்தியை நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 29
மேல்மாடி ராத்தா அக்காவின் நம்பர் கேட்டா. போன டிசம்பரில் அவவின் வாப்பாவை எரித்தார்கள், கொரோனாவில் போன முஸ்லிம்களையும் புதைக்க விடாத நேரம், அதை எதிர்த்து பொரளை கனத்தை மயான வேலியில் சனம் வெள்ளைத்துணி கட்டிய அதே மாதம். பெப்ரவரியில் புதைக்கலாம் என்று வர்த்தமானி மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது, வாப்பாவுக்கு அது என்னத்துக்கு. பின்னேரம் அக்கா சொன்னா: ராத்தா ஒன்றும் கேட்கவில்லையாம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டியிருக்கிறா, கறி தாளித்திருக்கிறா, அந்தச் சத்தத்திலேயே அக்கா நித்திரையாம்.

ஆகஸ்ட் 30
எட்டுச் செலவு. அத்தானுக்குக் கணவாய்தான் விருப்பம், தெருவில் வந்த லொறியில் சாளை மட்டும். அதைத்தான் படைத்தா.

செப்டம்பர் 3
திரும்பவும் வேட்டி.

செப்டம்பர் 5
நானும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடுப்புத் தோய்த்தேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அக்கா, "பைப்பை மூடடி, பில் ஏறப்போகுது" என்றா.

செப்டம்பர் 10
இப்போது 21 வரையாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி 22, முகத்துவாரத்தில். சாம்பல் இன்னும் கைக்கு வரவில்லை. ஐயர் வரச் சம்மதம், திரும்பவும் நீட்டினால் ஊரடங்கு பாஸ்தான் யார் எடுத்துக் கொடுப்பது?