ஸ்கோர் 17

எங்கள் மனநலப் பிரிவு ஓபியில் இப்போதெல்லாம் பலர் வாயைத் திறப்பதற்கு முன் போனை நீட்டுகிறார்கள். இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் டிக் அடித்து, வந்த மதிப்பெண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது பிஎச்க்யூ-9. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 2001இல் வெளியான கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, ஆர்வம், அசதி எல்லாம் எப்படி என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10ஐ எட்டினால் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

கூட வேலை பார்க்கும் சிலருக்கு இது எரிச்சல். "கூகுள் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்டே விடுவார்கள். எனக்கு அந்த எரிச்சல் இல்லை. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தாள். "தலைவலிதான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை மேஜை மேல் என் பக்கம் தள்ளினாள். ஸ்கோர் 17. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் 'பல நாட்கள்' என்று குறித்திருந்தாள். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். வாயால் கேட்டிருந்தால் அந்தப் பதில் அன்றைக்கு வந்திருக்காது.

ஆனால் 17 என்பதை வைத்து நோய் இதுதான் என்று எழுதிவிட முடியாது. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி வரும். ரத்தப் பரிசோதனை வேண்டும். அந்தத் தாள் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. தூக்கமே இல்லாமல், ஆனாலும் துறுதுறுவென்று, கையில் இருந்த காசையெல்லாம் செலவழித்துக்கொண்டு திரிந்த காலம் எப்போதாவது இருந்ததா? இருந்தால் இருதுருவ மனநோயாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆள் மறுபக்கம் எகிறிவிடக்கூடும். இதைக் கூட வந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். நோயாளியின் கணக்கில் அது 'நல்லா இருந்த காலம்'.

சிகிச்சை தொடங்கிய பிறகுதான் இணையம் எனக்கு நிஜமாகக் கைகொடுக்கிறது. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலோ முதல் சில நாளிலேயே வந்துவிடும். "ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்தபின், அந்த இடைவெளியில் வீடியோவில் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். அவர்களுக்கு பஸ் காசும் ஒருநாள் கூலியும் மிச்சம்.

வீட்டில் தனியாகப் பேச இடம் கிடைப்பதுதான் பாடு. ஒரு மருமகள் துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடியிலிருந்து பேசுவார். மாமியார் படியேறும் சத்தம் கேட்டால் "டவர் இல்ல, கேக்கல" என்பார். நான் உடனே கட் பண்ணிவிடுவேன். முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. யாரிடம் பேசினாலும் முதலில் எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஏதாவது விபரீதம் என்றால் ஆளை அனுப்ப விலாசம் வேண்டுமே.

ராத்திரி இரண்டு மணிக்கு நான் கிடைக்க மாட்டேன். அதற்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 14416, இருபத்துநாலு மணி நேரமும். ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன். ஒருவர் அந்த எண்ணைப் போனில் 'கேஸ் சிலிண்டர் புக்கிங்' என்று சேமித்து வைத்திருக்கிறார். நல்ல யோசனை, இப்போது மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.