கரோலினாவின் கணக்குப் புத்தகம்

1955 ஜூலை 15. பழைய காகிதம் விற்ற வகையில் வரவு 65 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்). இறைச்சிக்கு 20, பன்றிக்கொழுப்பு ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, பாலாடைக்கட்டிக்கு 6. காசு தீர்ந்தது. அதற்கு முன்பே, ரொட்டிக்குக் காசில்லாததால் மூன்று காலி பாட்டில்களைக் கழுவிக் கொடுத்து மாற்றியாயிற்று. அன்று மகளுக்குப் பிறந்தநாள். குப்பையில் கிடைத்த ஷூவைக் கழுவித் தைத்துப் போட்டுவிட்டாள் தாய்.

கரோலினா மரியா டி ஜெசுஸின் 'குவார்ட்டோ டி டெஸ்பெஜோ' இப்படித்தான் தொடங்குகிறது. பிரேசிலின் சாவோ பாலோவில் தியேத்தே ஆற்றோரம் இருந்த கனின்டே ஃபவேலாவில் (சேரியில்), மூன்று பிள்ளைகளோடு குப்பை பொறுக்கிப் பிழைத்த கறுப்பினப் பெண்ணின் நாட்குறிப்பு. 1960 ஆகஸ்ட்டில் நூலானது. பலரும் இதைக் கண்ணீர்க் கதையாக வாசித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கையில் பென்சிலோடு, வரவு செலவைக் குறித்துக்கொண்டே வாசிக்க வேண்டிய புத்தகம் இது. மழை பெய்தால் காகிதம் நனையும், நனைந்தால் எடைக்குப் போகாது, அன்று அடுப்பு எரியாது. வானிலையைப் பற்றி அவர் எழுதும் வரிகள் வெறும் வர்ணனை அல்ல.

1958 மே 13-ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். 1888இல் பிரேசில் அடிமை முறையை ஒழித்த நாள் அது. காலையிலிருந்தே மழை. மழை விட்டதும் பழைய இரும்பை விற்று அரிசி வாங்கலாம் என்று காத்திருந்தபடி எழுதுகிறார். பிள்ளைகளோடு சாப்பிட இரவு ஒன்பதாகிவிடுகிறது. இன்றைய அடிமைத்தனம் பசிதான் என்று அந்தப் பதிவை முடிக்கிறார். அப்போது அதிபர் குபிச்செக்கின் அரசு பிரசீலியா என்ற புதுத் தலைநகரைக் கட்டிக்கொண்டிருந்தது.

தலைப்பை மொழிபெயர்ப்பது எளிதல்ல. தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை என்பது நேர்ப்பொருள்; 'டெஸ்பெஜோ' என்றால் குடியிருப்பவரை வெளியேற்றுவதும்தான். 1962இல் வந்த அமெரிக்கப் பதிப்பின் 'இருளின் குழந்தை' என்ற தலைப்பில் இரண்டுமே போயின.

மொழி இன்னும் சிக்கல். கையெழுத்துப் படிகளிலிருந்து நூலைத் தொகுத்தவர் பத்திரிகையாளர் அவுதாலியோ தந்தாஸ். நிறைய வெட்டினார், எழுத்துப் பிழைகளை மட்டும் விட்டுவைத்தார். மற்ற எழுத்தாளர்களின் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தும் பதிப்புலகம், இவருடையதை மட்டும் ஏன் காட்சிக்கு வைத்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நியாயமான சண்டை. அதே பக்கங்களில், பள்ளிக்கூடம் இரண்டே வருடம் பார்த்த அவர், சூரியனை 'விண்மீன்களின் அரசன்' என்றும் எழுதுகிறார். இதை முழுக்கச் சேரி வழக்கில் தமிழாக்கினால் அவருடைய இலக்கிய ஆசை காணாமல் போகும். முழுக்கத் திருத்தினால் அவரே காணாமல் போவார். பிழையும் செந்தமிழும் ஒரே வரியில் நிற்க வேண்டும்.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். அக்கம்பக்கத்துப் பெண்களை அவர் ஏசும் இடங்கள் வாசிப்பவரை நெளிய வைக்கும். சண்டை வந்தால், 'உன்னைப் புத்தகத்தில் எழுதிவிடுவேன்' என்பதுதான் அவருடைய மிரட்டல்.

புத்தகம் விற்றது, செங்கல் வீடும் வந்தது, அதைப் பற்றி 1961இல் இன்னொரு நூலும் வந்தது. அந்த நூல் அவ்வளவாக விற்கவில்லை. 1977இல் நகரின் ஒதுக்குப்புறமான பரெல்யெய்ரோசில் வறுமையில் இறந்தார்.

முதல் நூலின் கடைசிப் பதிவு 1960 ஜனவரி 1. புத்தாண்டு. காலை 5 மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார் என்பது மட்டுமே அதில் இருக்கிறது.